போட்டி வரலாற்றின் மிகச் சிறிய ஆட்டம்

“பாதியில எழுந்து போயிட்டா, அதுவரைக்கும் ஆடினதெல்லாம் ஆடாத மாதிரி ஆயிடுமா மாமா?”

கேட்டது ஏழு வயதுப் பெண். தேசிய செஸ் போட்டி நடந்த நூலக மாடியில், சுவரில் தொங்கிய போன வருடத்து அட்டவணையின் கீழே நின்றுகொண்டு கேட்டாள். அட்டவணையில் ஒருவருடைய வரிசை மட்டும் முழுவதுமாக வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தது. காய்ச்சல் என்று நடுவில் ஊருக்குப் போய்விட்ட ஒரு ஆட்டக்காரருடைய வரிசை அது.

பக்கத்தில் நின்றிருந்தவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் இளைஞர். அந்த வருடம்தான் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார். எல்லோரும் அவரை லிஃப்ட்டுத் தம்பி என்றார்கள். குழந்தை கேட்டதால் அவர் பொறுமையாக விளக்கினார்.

“பன்னெண்டு பேர் ஆடறோம் இல்லையா? ஒவ்வொருத்தரும் மத்த பதினோரு பேர் கூடவும் ஆடணும். பாதிக்கு மேல ஆடிட்டுப் போனா ஆடினது நிக்கும். அதுக்கு முன்னாடியே போயிட்டா அழிச்சிடுவாங்க.”

“அப்ப அவரை ஜெயிச்சவங்களுக்கு?”

“அவங்களுக்கும் அந்தப் பாயிண்ட் போயிடும்.”

“அவங்க என்ன தப்பு பண்ணாங்க?”

தம்பி சிரித்துவிட்டு, உங்க அப்பாகிட்ட கேளு, அவருக்குத் தெரியாத விதியே கிடையாது என்றார். அது உண்மைதான். அவளுடைய அப்பா நான்கு முறை அந்தப் பட்டத்தை வென்றவர்.

அந்தப் போட்டிக்கு அப்போதே ஒரு வரலாறு சேர்ந்திருந்தது. முதல் வருடம் வந்தவர்களே எட்டுப் பேர். அவரவர் வீட்டு நாற்காலியை அவரவர் தூக்கி வந்தார்கள். வென்றவர் ஒரு பல் டாக்டர். அவர் முன்னால் உட்கார்ந்தாலே எதிராளிக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்து வென்றவர் பஸ் கண்டக்டர். சிப்பாயைத் தள்ளும்போதெல்லாம் “உள்ள போ, உள்ள போ” என்று முணுமுணுப்பார். நடுவர் எச்சரித்த பிறகு உதடு மட்டும் அசையும். பிறகு நூலகத்துக்கு எதிரே இருந்த அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவர் வந்தார். அவரைப் புரூஃப் சார் என்பார்கள். அச்சுத்தாளில் தப்பு தேடுவது போலவே பலகையையும் வரிவரியாகப் பார்ப்பார். எதிராளி பிழை செய்யும்வரை காத்திருப்பார், செய்தால் கண்டுபிடித்துவிடுவார். நான்கு வருடம் பட்டம் அவரிடமே இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட காய்களை அவளிடம் விளையாடக் கொடுப்பார்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்தக் குழந்தை கேள்வி கேட்டது.

அந்த வருடம் பட்டத்தை வெல்பவருக்கு அரசாங்கத்தில் நிரந்தர வேலை தருவதாக ஒரு மந்திரி மேடையில் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே வேலை இருந்தது. லிஃப்ட்டுத் தம்பிக்குத்தான் இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய், இருட்டுக் கிணறு போன்ற லிஃப்ட் குழிகளில் தொங்கிக்கொண்டு கம்பிக்கு மசகு போடும் தினக்கூலி வேலை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, தங்கை படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் சுற்றில் அவர் புரூஃப் சாரையே வென்றார். முடிந்ததும் புரூஃப் சார் தட்டிக்கொடுத்து, “நல்லா ஆடினேப்பா. நான் தப்பு பண்ணல, நீ பண்ண வச்சே” என்றார். அன்று இரவு தம்பியின் அம்மா சாமி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

தம்பிக்குப் போட்டியாக வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. அவர் புரூஃப் சாரிடம் தோற்றிருந்தார். மற்றபடி இருவரும் ஒருவரை ஒருவர் ஒட்டியே போனார்கள். கடைசியில் தம்பி அரைப் புள்ளி கூடுதலாக எடுத்துப் பட்டம் வென்றார். மந்திரியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பராமரிப்பு வேலை கிடைத்தது. தங்கைக்குக் கல்யாணமானது, பிறகு அவருக்கும் ஆனது. தம்பி என்ற பெயர் போய் லிஃப்ட்காரர் ஆனார். இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக் கொடுத்தார். கடவுள் கைவிடவில்லை என்று அடிக்கடி சொல்வார், மனமாரத்தான் சொன்னார்.

அந்த வருடத்துப் போட்டியிலிருந்து இன்னொன்றும் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆறாவது சுற்றில் புரூஃப் சார் ஆடிய ஆட்டம். வெள்ளைக் காய்களோடு ஒரே ஒரு நகர்த்தல். எதிராளி ஒரு நகர்த்தல். உடனே புரூஃப் சார் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். எதிராளி, எதற்கும் தாமதமாக வருவதால் அரைமணி என்று பெயர் வாங்கியவர். “நான் நாற்காலியில சரியா உட்காரக்கூட இல்ல. அதுக்குள்ள சாம்பியன் கை குடுத்துட்டார். என் மூஞ்சியைப் பார்த்து அவ்வளவு பயந்துட்டார் போல” என்று அவர் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். போட்டி வரலாற்றின் மிகச் சிறிய ஆட்டம் என்று பத்திரிகையில்கூட வந்தது. அந்த வாரத்தில் புரூஃப் சாரின் மகள் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனதைப் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். குழந்தை நோயில் கிடக்கும்போது மனம் ஓடாமல் ஆட்டத்தைக் கைவிட்டார் என்று நினைத்தார்கள். பின்னால் வந்த தலைமுறைக்கு அதுவும் தெரியாது. அவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் வந்து சேர்ந்தது. லிஃப்ட்காரரும் இரண்டொரு தடவை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். புரூஃப் சார் அதன்பின் போட்டிக்கு வரவேயில்லை.

லிஃப்ட்காரர் ஓய்வு பெறும் வருடம், போட்டி தொடங்கி நாற்பது வருடம் ஆவதை விழாவாகக் கொண்டாட ஏற்பாடானது. உயிரோடிருக்கும் பழைய சாம்பியன்களை மேடையில் கௌரவிப்பதாகச் சொன்னார்கள். போட்டியின் வரலாற்றையும் வென்றவர்களையும் பற்றி ஒரு புத்தகம் போடுவதாகவும், அதைப் பழைய நடுவர் எழுதுவதாகவும் முடிவானது. நடுவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. லிஃப்ட்காரர் தன் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

நடுவர் மகன் வீட்டின் முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்து, மீசையைப் பாரு, லிஃப்ட் கம்பி மாதிரி என்றார். மருமகள் காபி வைத்துவிட்டுப் போனாள். பல் டாக்டரைப் பற்றியும் கண்டக்டரைப் பற்றியும் எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார். புரூஃப் சாரின் நான்கு வருடங்களும் முடிந்தன. அதற்கு மேல் பேனா ஓடவில்லை என்றார்.

“அந்தச் சின்ன ஆட்டத்தைப் பத்தி எழுதுங்க, படிக்கறவங்க சிரிப்பாங்கன்னு கமிட்டியில சொல்றாங்க. என்னால முடியலப்பா.”

“ஏன் சார், எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே?”

“ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் நடுவர்.

பிறகு அவர் சொன்னதை லிஃப்ட்காரர் காபியைத் தொடாமல் கேட்டார்.

ஐந்தாவது சுற்று முடிந்த இரவு குழந்தையை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் புரூஃப் சார் நேராக நூலகத்துக்கு வந்து, போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று நடுவரிடம் சொன்னார். நடுவர் ஆறுதல் சொல்லிவிட்டு, ஒட்டுவதற்கு வெள்ளைத் தாளை எடுத்தார். புரூஃப் சார் அட்டவணையைப் பார்த்தார். ஐந்து ஆட்டம்தான் ஆடியிருந்தார். இன்னும் ஒன்று ஆடினால் பாதியைத் தாண்டும்.

“‘இப்ப நான் போனா லிஃப்ட்டுத் தம்பியோட பாயிண்ட் போயிடுமே’ன்னாரு. ஆமா, விதி அப்படித்தானேன்னேன். ‘ஒரு நகர்த்தல் வச்சு, கைவிட்டுட்டுப் போயிடறேன். ஆறாவது ஆட்டமாயிடும் இல்லையா’ன்னு கேட்டாரு. எதிராளி வரணும் சார்னு சொன்னேன். எதிராளி வராம ஆட்டம் ஆனதா சேராது. காலி நாற்காலிகிட்ட தோக்க முடியாது.”

அன்றைய எதிராளி அரைமணி.

புரூஃப் சார் சிப்பாயை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்திவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் காலையில், பயமில்லை, குழந்தை தெளிவாக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தாராம். அந்த நம்பிக்கையில் உட்கார்ந்தார். எதிராளி ஒரு மணி நேரம் வரை தாமதித்து வர விதி இடம் கொடுத்தது. அன்று அவர் அதைக் கிட்டத்தட்ட முழுவதுமே எடுத்துக்கொண்டார். நடுவர் நடுவில் ஒருமுறை போய், ஏன் சார் இதெல்லாம், கிளம்புங்க என்று காதில் சொல்லியிருக்கிறார்.

“அதுக்கு அவர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘நேத்து ராத்திரி காய்ச்சல்ல பாப்பா ஒண்ணு கேட்டா. ஒருத்தர் பாதியில போயிட்டா, அவரை ஜெயிச்சவங்க என்ன தப்பு பண்ணாங்கப்பான்னு. யாரும் தப்பு பண்ணல, யாருக்கும் எதுவும் போகாதுன்னு சொல்லியிருக்கேன். போய் அவகிட்ட அது நிஜம்னு சொல்லணும்’ன்னாரு.”

நடுவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை கட்டில் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

“ஆடினாங்கன்னு நான் ஒரு வரி எழுதிட்டு அவரை அனுப்பியிருக்கலாம். அரைமணி நல்ல மனுஷன், காலைக் கையைப் பிடிச்சா ஒத்துக்கிட்டிருப்பான். எனக்கு விதிதான் பெருசா இருந்தது. அவர் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி குழந்தை போயிடுச்சு.”

லிஃப்ட்காரருக்கு நூலக மாடி கண்முன் வந்தது. பக்கத்துப் பலகையில்தான் அவர் ஆடிக்கொண்டிருந்தார். புரூஃப் சார் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்ததை அவர் கண்டிருக்கிறார். பெரியவருக்கும் பதற்றம் வரத்தான் செய்கிறது என்று அப்போது உள்ளூர மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது.

புரூஃப் சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

“உங்க ஆஸ்பத்திரியிலதான்ப்பா. மூணாவது மாடி, ஆண்கள் வார்டு. மனைவியும் போயாச்சு, யாருமில்ல. என் காலு இப்படி இருக்கு, நான் போய்ப் பார்க்கல. கால் நல்லா இருந்தாலும் போயிருப்பேனான்னு தெரியல.”

சின்னச் சின்ன இரக்கங்களை ஆண்டவன் கீழே விழ விடமாட்டான் என்று நம்பி வாழ்கிறவர்கள் உண்டு; லிஃப்ட்காரர் அவர்களில் ஒருவர். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த நம்பிக்கையே அவரை அழுத்தியது. புரூஃப் சாரை வென்ற அந்த ஒரு புள்ளி போயிருந்தால் பட்டம் வங்கி அதிகாரிக்குத்தான் போயிருக்கும். தான் சாப்பிட்ட சோறு, தங்கையின் கல்யாணம், மகள்களின் படிப்பு என எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு குழந்தை அப்பாவைத் தேடியபடி கிடந்திருக்கிறாள். அவர் இத்தனை வருடமாகத் தினமும் வேலைக்குப் போய்வந்த அதே கட்டடத்தில் கிடந்திருக்கிறாள். யாரும் கெட்டது நினைக்கவில்லை. அப்பா நல்லதைத்தான் நினைத்தார். குழந்தை அவரையும்விட நல்லதை நினைத்தாள். இதில் யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் அவர் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் மூன்றாவது மாடிக்குப் போனார். கடைசிக் கட்டில். புரூஃப் சார் மிகவும் மெலிந்திருந்தார். மூக்கில் குழாய், கண்ணில் மட்டும் பழைய கூர்மை.

“யாரு, லிஃப்ட்டுத் தம்பியா? தலையெல்லாம் நரைச்சுப் போச்சே” என்றார். பிறகு எதிர்ச்சுவரைக் காட்டி, “அந்தப் போர்டுல நாலு வரி, ஆறு தப்பு. இந்த இடத்துல சாகக் கூடாதுன்னு பார்க்கறேன்” என்றார்.

லிஃப்ட்காரரால் சிரிக்க முடியவில்லை. நடுவரைப் பார்த்ததாகச் சொன்னார். புரூஃப் சாரின் முகம் மாறியது.

“சொல்லிட்டாரா?”

“எனக்குத் தெரியாது சார். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா? எனக்கு வேலை வேணாம், நீங்க போங்கன்னு சொல்லியிருப்பியா?”

லிஃப்ட்காரர் ஆமாம் என்று சொல்லப் போனார். மங்கிய கண்ணோடு அம்மா அடுப்படியில் தடவித் தடவி நடந்தது கண்ணில் நின்றது.

“தெரியல சார்.”

“அதான். எனக்கும் தெரியல.” மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினார். “நல்லது பண்றோம்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். ஓடிப் போனப்ப படுக்கை விரிப்பை மாத்திட்டிருந்தாங்க. அவ அம்மா எங்கே போயிருந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. சாகற வரைக்கும் கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“சார், நான் உங்களுக்கு...”

“நன்றி சொல்ல வந்திருந்தா வேணாம்ப்பா. அதை வாங்கி வச்சுக்க எங்கிட்ட இடமில்ல. நீ ஜெயிச்சது உன் ஆட்டம். போ.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பிரார்த்தனை வழக்கம். அன்று எதைக் கேட்பது என்று தெரியவில்லை. குழந்தையைத் திருப்பிக் கேட்க முடியாது. வேலையைத் திருப்பித் தரவும் முடியாது. அது வாழ்ந்து முடித்த வேலை. மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஒன்றும் கேட்காமலே எழுந்து வந்தார். அதன்பின் தினமும் வார்டு வாசல்வரை போவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். புரூஃப் சார் போ என்று சொன்னது நினைவுக்கு வரும், திரும்பிவிடுவார்.

விழா ஞாயிறு மாலை. மனைவி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். “சாம்பியனுக்குக் கழுத்துப் பட்டன் மாட்ட மாட்டேங்குது. ஜெயிச்ச காலத்துச் சட்டைன்னு நினைப்பா?” என்று கேலி செய்தாள். மகள்கள் நேராக அரங்கத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ் ஆஸ்பத்திரியை நெருங்கியபோது லிஃப்ட்காரர் எழுந்தார்.

“நீ போயிட்டே இரு. ஒரு எட்டு பார்த்துட்டு அடுத்த பஸ்ல வந்துடறேன்.”

“இன்னைக்குமா லிஃப்ட்டு? அது உங்களுக்கு முன்னாடி ரிட்டையர் ஆயிடும் போல” என்றாள் அவள்.

கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். எதிரே வந்த நர்ஸ், டாக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாள். இரண்டு வார்டுக்கு அவள் ஒருத்திதான். அடுத்த வார்டில் மணி அடிக்கவே போய்விட்டாள்.

லிஃப்ட்காரர் திரைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். புரூஃப் சாருக்கு நினைவு தப்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. சிறிய துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றினார். அரங்கத்தில் இந்நேரம் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, எடுத்து அணைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் புரூஃப் சாரின் கை விரிப்புமேல் எதையோ தேடியது. கண்ணைத் திறக்கவில்லை.

“மணி என்ன ஆச்சு?”

லிஃப்ட்காரர் குனிந்தார்.

“அவன் இன்னும் வரலையா? நான் போகணும். மணி என்ன?”

எங்கே உட்கார்ந்துகொண்டு கேட்கிறார் என்பது லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. இத்தனை வருடமாக அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருக்கவேயில்லை. லிஃப்ட்காரர் பொய் பேசிப் பழகாதவர். சின்னப் பொய்யைக்கூட அன்றிரவே சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிற மனிதர். அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

“வந்துட்டார் சார். வந்து ஆடியும் முடிச்சாச்சு. எல்லாருக்கும் அவங்கவங்க பாயிண்ட் அப்படியே இருக்கு.”

“நான்?”

“நீங்க சீக்கிரமாவே கிளம்பி வந்துட்டீங்க சார். இது ஆஸ்பத்திரி. பாப்பா முழிச்சிட்டுத்தான் இருக்கா. உங்களைத்தான் பார்த்துட்டிருக்கா.”

புரூஃப் சாரின் புருவங்கள் உயர்ந்தன. எதையோ சொல்ல முயன்றார். வார்த்தையாக வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. லிஃப்ட்காரர் அதற்கும், ஆமாம் சார், சொல்லுங்க, அவளுக்குக் கேக்குது என்றார். அவர் மறுபடியும் சொன்னார். பிடித்திருந்த கையில் இறுக்கம் மெல்லக் குறைந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது, இடைவெளி நீண்டது, பிறகு வரவில்லை.

லிஃப்ட்காரர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொய்க்காகக் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்க நினைத்தார். பிறகு, வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். புரூஃப் சாரின் கையை மார்பின்மேல் நேராக வைத்தார். ஈரத் துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் காயப் போட்டார். திரையை முன்பு இருந்ததுபோலவே இழுத்துவிட்டு, நர்ஸைத் தேடிக்கொண்டு அடுத்த வார்டுக்கு நடந்தார்.